வரைபடத்தில் இல்லாத தண்ணீர்

இந்தோனேசிய மொழியில் ‘பஞ்ஜிர்’ என்றால் வெள்ளம். 2014 டிசம்பரில் ஜகார்த்தா நகரத்தில் யாராவது இந்த வார்த்தையைப் போட்டு ஒரு ட்வீட் எழுதினால், சற்று நேரத்தில் அவருக்கு ஒரு பதில் வந்துவிடும். அனுப்பியது மனிதரல்ல, ஒரு ப்ரோக்ராம். ‘உங்க பக்கம் வெள்ளமா? செல்போனில் இருப்பிடம் காட்டும் வசதியை ஆன் பண்ணிவிட்டு, எங்க பேரையும் சேர்த்து இன்னொரு ட்வீட் போடுங்க’ என்கிற ரீதியில் இருக்கும். போட்டால், நகர வரைபடத்தில் உங்கள் தெருவில் ஒரு புள்ளி முளைக்கும். யார் வேண்டுமானாலும் அதை இலவசமாகப் பார்க்கலாம்.

இதன் பெயர் பெட்டா ஜகார்த்தா. ‘பெட்டா’ என்றால் வரைபடம். ஆஸ்திரேலியாவின் வொல்லாங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தாமஸ் ஹோல்டர்னஸ், எட்டியன் டர்பின் இருவரும் ஜகார்த்தா மாநகரின் பேரிடர் நிர்வாக அலுவலகத்துடன் சேர்ந்து ஆரம்பித்தது. ட்விட்டர் கம்பெனி அந்த வருஷம் ‘எங்கள் டேட்டாவை ஆராய்ச்சிக்குத் தருகிறோம், விண்ணப்பியுங்கள்’ என்றபோது 1,300-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தேர்வானவை ஆறே ஆறு. ஜகார்த்தா வெள்ளம் அதில் ஒன்று.

புத்தகத்தை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். ஒரு வரைபடத்தை விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. சினிமா மோசமாக இருந்தால் டிக்கெட் காசுதான் போகும். இந்த வகை வரைபடத்தைத் தப்பாகப் படித்தால் படகு தப்பான தெருவுக்குப் போகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜகார்த்தாவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. 13 ஆறுகள் ஊருக்குள் பாய்ந்து கடலுக்குப் போகின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊரின் வடபகுதி வருஷா வருஷம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நகரத்தில் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. மழை வந்தால் தண்ணீர் போக இடம் கிடையாது. அதே சமயம், 2012-ல் ஒரு கணக்கெடுப்பில் உலகத்திலேயே அதிக ட்வீட் போடும் நகரம் எது என்று பார்த்தபோது டோக்கியோ, லண்டனையெல்லாம் தாண்டி முதலிடத்தில் ஜகார்த்தா நின்றது. மழையும் பேச்சும் ஒருசேரக் கொட்டுகிற ஊர். ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவர்களுக்கு ட்வீட் எதற்கு என்று கேட்பீர்கள். நகரத்து வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட மூன்று சமாச்சாரம் தேவை. எவ்வளவு மழை பெய்தது, தரை எங்கே மேடு எங்கே பள்ளம், கடைசியில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது. முதலாவதை மழைமானியும் ராடாரும் சொல்லும். இரண்டாவதை சாட்டிலைட் ஓரளவுக்குச் சொல்லும். மூன்றாவதைச் சொல்ல ஆளே கிடையாது. நீர்மட்டக் கருவிகள் ஆற்றிலும் ஏரியிலும்தான் இருக்கும், உங்கள் தெருமுனையில் இருக்காது. வெள்ளத்தன்று மேலே மேகம் மூடியிருப்பதால் சாதாரண சாட்டிலைட் கேமராவுக்குக் கண் தெரியாது. மேகத்தை ஊடுருவும் ராடார் சாட்டிலைட் உண்டு. ஆனால் அது தலைக்கு மேல் வருகிற நேரம் அதன் இஷ்டம், தவிர நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரைப் பிரித்துப் பார்க்க அதுவும் திணறும்.

மழை அளவிலேயே எத்தனை வித்தியாசம் பாருங்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 சென்டிமீட்டர். தாம்பரத்தில் 49. எலக்ட்ரிக் ட்ரெயினில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரத்துக்குள் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். இடைப்பட்ட ஊர்களில் எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்பதை எந்தக் கருவி பதிவு செய்தது? மாடியில் ஏறி நின்ற மனிதர்கள் செல்போனில் எடுத்த படங்கள்தான் பல இடங்களில் ஒரே சாட்சி.

சென்னையிலும் அந்த வாரம் ஒரு வரைபடம் உருவாயிற்று. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்கிற இலவச வரைபடத்தின் மேல், தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் க்ளிக் செய்து நிறம் மாற்றலாம். ஆர்வலர்கள் அவசரமாகச் செய்தது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான தெருக்கள் நிறம் மாறின. அதைப் பார்த்து நிறைய பேர் வழி கண்டுபிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த வேலைக்கு ஒரு சலாம்.

ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் சுவாரஸ்யம். யாரும் ‘எங்கள் தெருவில் 47 சென்டிமீட்டர்’ என்று எழுதுவதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. யாருடைய முழங்கால் என்று ஒரு கேள்வி உண்டு. ஐந்தே முக்கால் அடி ஆசாமியின் முழங்கால் அளவு, இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இடுப்பு. கூடவே ஒரு போட்டோ இருந்து அதில் ஒரு பைக் நின்றால் பரவாயில்லை, சைலன்ஸர் முங்கியதா சீட் முங்கியதா என்று பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். 2015 பிப்ரவரி ஜகார்த்தா வெள்ளத்தின்போது ஆழமும் இடமும் எழுதியிருந்த ட்வீட்களைப் பொறுக்கியெடுத்து, மேடு பள்ளக் கணக்கோடு பொருத்தி, டச்சு ஆராய்ச்சியாளர்கள் சிலர் வெள்ளம் எதுவரை பரவியிருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். முழங்காலும் ஒரு கருவிதான். துல்லியம் குறைவு, எண்ணிக்கை அதிகம்.

ஆனால் நம்மூரில் இதைச் செய்ய உட்காரும் இன்ஜினீயருக்கு என் அனுதாபங்கள். ‘வெள்ளம்’ என்று தேடினால் ரசிகர் வெள்ளம் வரும், ஆனந்த வெள்ளம் வரும். மலையாள நண்பர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தால் அதுவும் வரும், அவருக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நிஜமாகவே வெள்ளத்தில் நிற்பவர் அந்த வார்த்தையை எழுதவே மாட்டார். ‘தண்ணி உள்ள வந்துடுச்சுப்பா’ என்பார், பாதி சமயம் ஆங்கில எழுத்தில். ‘தண்ணி’ என்று தேடினால் மே மாதத்தில் லாரி வரவில்லை என்ற புகாரும், வருஷம் முழுக்க டாஸ்மாக் சமாச்சாரமும் வந்து விழும். ‘காந்தி நகரில் இடுப்பளவு’ என்று ஒரு ட்வீட். எந்த காந்தி நகர் சார்? இருப்பிடத்தைத் தாமாகவே குறித்து அனுப்புகிற ட்வீட் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தேறும். 2019-ல் ட்விட்டர் துல்லியமான இடக்குறிப்பு வசதியையே நீக்கிவிட்டது.

இதனால்தான் பெட்டா ஜகார்த்தாவை நான் மற்ற முயற்சிகளுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன். பெரும்பாலான ஆராய்ச்சிகள் ஊர் பேசுவதை ஒட்டுக் கேட்டு, அதில் அர்த்தம் தேடுகின்றன. இவர்கள் கேட்டார்கள். ‘ஐயா, உங்க தெருவில் தண்ணியா?’ என்று நேராகவே கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்பவர் வம்படிக்கிறவரல்ல, சாட்சி. 2017-ல் இது ‘பெட்டா பெஞ்சானா’ என்று பெயர் மாறி வளர்ந்தது. இடம், ஆழம், போட்டோ மூன்றையும் வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு வந்தது. 2020 புத்தாண்டு அன்று ஜகார்த்தாவின் ஹலீம் விமான நிலையத்தில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர் பெய்து, 60-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தில் மக்கள் இந்த வரைபடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இதே மென்பொருளை வைத்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தினர் 2017-ல் சென்னைக்கும் ‘ரிஸ்க் மேப்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்கப்போவதில்லை. பதில் எனக்கும் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

இனி குறைகள். எனக்கு ஒரே ஒரு பெரிய குறைதான், ஆனால் அது அடிமடியிலேயே கை வைக்கிற குறை.

2012 அக்டோபரில் நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியது. அக்டோபர் 27-லிருந்து நவம்பர் 1 வரை அதைப் பற்றி 2 கோடிக்கும் மேல் ட்வீட்கள். கேட் க்ராஃபோர்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2013-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ட்வீட்களில் பெரும் பகுதி மன்ஹாட்டனிலிருந்து வந்தது. ஸ்மார்ட்போன்களும் ட்விட்டர்வாசிகளும் அங்கேதான் அதிகம். வரைபடத்தை மட்டும் பார்த்தால் புயலின் மையமே மன்ஹாட்டன்தான் என்று தோன்றும். நிஜத்தில் மோசமாக அடிபட்ட ப்ரீஸி பாயின்ட், கோனி ஐலண்ட், ராக்கவே பகுதிகளிலிருந்து சத்தம் மிகக் குறைவு. கரண்ட் போய், செல்போன் சார்ஜ் தீர்ந்துபோன இடத்திலிருந்து யார் ட்வீட் போடுவது?

நிதானமாக யோசித்துப் பாருங்கள். தண்ணீர் முழங்கால் அளவு இருக்கும்வரை மனிதன் போட்டோ எடுப்பான். இடுப்பைத் தாண்டினால் குழந்தையைத் தூக்குவான், ரேஷன் கார்டைத் தேடுவான். கழுத்தைத் தொட்டால் போனே போய்விடும். ஆகவே ட்வீட் வரைபடம் எதைக் காட்டுகிறது? போட்டோ எடுக்க அவகாசம் இருக்கிற அளவுக்கு வெள்ளம் வந்த தெருக்களைக் காட்டுகிறது. அதற்கு மேல் போன இடம் வெள்ளைத்தாளாக இருக்கும். தண்ணீரே வராத இடமும் அதே வெள்ளைத்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமில் உட்காருகிற அதிகாரி, ‘அந்தப் பக்கம் பிரச்னை இல்லை போலிருக்கே’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

2015 சென்னையில் பாதுகாப்புக்காகப் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. செல்போன் கோபுரங்கள் பல செத்துப்போயின. அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையிலிருந்து கோட்டூர்புரம் வரை வெள்ளம் பாரபட்சமில்லாமல் புகுந்தது. ஆற்றோரக் குடிசைக்கும் அடுக்குமாடிக்கும் ஒரே தண்ணீர்தான், ட்வீட் மட்டும் ஒன்றல்ல. அடுக்குமாடியில் இருப்பவருக்கு அமெரிக்காவில் ஒரு மகள் இருப்பாள். அவள் அங்கே உட்கார்ந்து ‘அப்பா, அம்மா இரண்டாவது மாடியில், வயதானவர்கள்’ என்று விலாசத்தோடு ஹேஷ்டேக் போடுவாள். அதை ஆயிரம் பேர் மறு ட்வீட் செய்வார்கள். குடிசைவாசிக்கு அந்த மகள் கிடையாது. அந்தப் பெண் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். ஆனால் அந்த ஆயிரத்தை ஆயிரம் அபயக்குரலாக எண்ணுகிற கம்ப்யூட்டரும், குடிசைப் பகுதியைப் பூஜ்யமாக எண்ணுகிற கம்ப்யூட்டரும் ஒன்றே. அங்கேதான் தப்பு.

ஹேஷ்டேக்கின் பெயரையே பாருங்கள். அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் கடலூர் மாவட்டமும் மூழ்கியது. உலகம் முழுக்கச் சுற்றிய ஹேஷ்டேக்குகளில் இருந்த பெயர் சென்னை. டேட்டா எடுக்கப் போகிறவர் அந்தப் பெயரைப் போட்டுத்தான் தேடுவார். கடலூர்க்காரர் சென்னையின் பெயரில் அழுதிருந்தால்தான் கணக்கில் வருவார்.

காலமும் குழம்புகிறது. 2018 கேரள வெள்ளத்தில் காப்பாற்றப்பட்டு முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்காக ‘உடனே படகு அனுப்புங்கள்’ என்ற செய்தி அதன் பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்தால் எழுதுகிறோம், வடிந்தால் யார் எழுதுகிறார்கள்? வரைபடத்தில் வெள்ளம் ஏறத் தெரிந்த அளவுக்கு இறங்கத் தெரியாது.

புரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வருகின்றன என்றார்கள். நாஸா 250 சென்டிமீட்டர் மழை வரும் என்று சொன்னதாகவும் பரப்பினார்கள். இரண்டும் பொய். பொய்யை வடிகட்ட வழிகள் வந்துவிட்டன. பத்து பேர் தனித்தனியாகச் சொன்னால் நம்பலாம், போட்டோவின் பழைய பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடலாம். வராத செய்தியை வரவழைக்கத்தான் வடிகட்டி கிடையாது.

இன்னொரு சங்கடம். இந்த டேட்டா யாருடையது? எழுதியவர்கள் நாம், வைத்திருப்பது கம்பெனி. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியது. 2023-ல் இலவசமாக டேட்டா எடுக்கும் வாசல் மூடப்பட்டது, ஆராய்ச்சியாளர்களுக்கு இருந்த சலுகையும் போயிற்று. அதே வருஷம் பெயரும் எக்ஸ் ஆயிற்று. பத்து வருஷமாக உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டிய கணக்குகள் பல, தண்ணீர்க் குழாயை அடைத்த மாதிரி நின்றன. ஊரின் வெள்ள நினைவை வாடகை வீட்டில் வைத்தால் இதுதான் கதி. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டு போடலாம். இந்தோனேசியாக்காரர்கள் தங்கள் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்ததும், ட்விட்டரை மட்டும் நம்பாமல் வேறு வழிகளிலும் செய்தி வாங்க ஏற்பாடு செய்ததும் இந்த வகையில் புத்திசாலித்தனம்.

அப்படியானால் இதெல்லாம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். படிக்கும் முறையை மாற்றினால் போதும். ஒரு பகுதியில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை பள்ளம், எவ்வளவு மழை என்பது முன்னாலேயே தெரியும். அதை வைத்து அங்கிருந்து சாதாரணமாக எத்தனை தகவல் வர வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு போட்டுக்கொள்ளுங்கள். மழை கொட்டுகிறது, தரை பள்ளம், ஜனம் நெருக்கம், ஆனால் ஒரு தகவலும் இல்லை என்றால், முதல் படகு அங்கே போகட்டும். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் எழுந்து பார்க்கிறோம். தினமும் அழுகிற குழந்தை அழவில்லை என்றால் அதைவிட வேகமாக எழ வேண்டாமா? எந்தப் பாட்டிக்கும் தெரிந்த இந்த விஷயத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது பெரிய கம்பசூத்திரம் அல்ல. போனே இல்லாத தெருக்களுக்கு, வார்டு ஊழியரோ சுய உதவிக் குழுப் பெண்ணோ ஆழம் பார்த்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும். மின்கம்பத்தில் அடிக்கணக்குக் கோடு போட்டு வைத்தால் முழங்கால் தகராறும் தீர்ந்தது. பெயிண்ட் செலவு மட்டும்தான்.

சென்னைக்கு 2019-ல் மத்திய அரசின் கடலோர ஆராய்ச்சி மையம் ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள முன்னறிவிப்பு முறையைக் கொண்டுவந்தது. மழை, ஏரி, ஆறு, கடல்மட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எங்கே தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு. அது சொன்னது சரியா என்று சரிபார்க்கத் தெரு மட்டத்தில் சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகள் நீங்கள்தான்.

எனவே ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் ஒரு வேண்டுகோள். ‘சிங்காரச் சென்னை நாறுது’ என்று கிண்டல் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே நான்கு விஷயம் சேருங்கள். தெருப் பெயரோடு பேட்டை, மணி, ஆழம், ஓடுகிற தண்ணீரா தேங்கியதா. வடிந்ததும் இன்னொரு வரி, ‘வடிந்துவிட்டது’ என்று. அப்புறம், உங்கள் தெருவுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் இருக்கிற வீடுகளில் என்ன நிலைமை என்று கேட்டு அதையும் எழுதிவிடுங்கள். அவர்கள் எழுத மாட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.